பழைய பிலிம் கமரா அடம்பிடித்தால்: கை வைக்கும் முன் எங்கே பார்ப்பது

"அக்கா, முப்பத்தாறு படமும் முடிஞ்சுது. ஆனா பிலிமை நகர்த்துற லீவர் இன்னும் இழுபட்டுக்கொண்டே இருக்கு. எண்ணிக்கொண்டுதான் வந்தனான், நாற்பத்திரண்டு ஆச்சு."

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி சொன்னது இது. கையில் அவனுடைய அப்பப்பாவின் பென்டக்ஸ் கே1000. கனடாவிலிருந்து வந்த மாமி ஒரு றோல் கொடுத்துவிட்டுப் போக, இரண்டு கிழமையாக அதோடுதான் திரிந்தான். விடிய எழும்பி டச்சுக் குடாவில் கரைவலை இழுப்பவர்களை எடுத்தான். பிரடெறிக் கோட்டைக்குள் நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களை எடுத்தான். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் நின்று கடலை எடுத்தான்.

"லீவரை இழுக்கேக்க இந்த இடப்பக்கக் குமிழ் சுத்தினதா?" என்று கேட்டேன்.

"அது ஏன் சுத்த வேணும்?"

அதோடு எனக்கு விளங்கிவிட்டது. குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. பின்கதவைத் திறந்தால், பிலிமின் நாக்கு, அதாவது அதன் முன்நுனி, கொழுவுப்படாமல் அப்படியே வெளியே கிடந்தது. எடுத்த படங்களில் ஒன்றுகூடப் பிலிமில் விழவில்லை. அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கமராவில் ஒரு பழுதும் இல்லை, றோலும் புதிதாகவே இருந்தது. அதையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டு அலுமாரிகளில் இருந்து வெளியே வரும் பழைய கமராக்களை அதற்கு முன்னும் பின்னும் பலர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். "பழுதாப் போச்சு" என்று வந்தவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. உண்மையில் பழுதானவை பல, யாரோ பலம் பிடித்து இழுத்ததால் பழுதானவை. அதனால் ஒன்றே ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கமராக்களில் எல்லா வேலையும் இரண்டு விரலின் பலத்தில் நடக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் நிறுத்துங்கள். காரணம் வேறெங்கோ இருக்கிறது.

கீழே உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் கே1000ஐத்தான் உதாரணமாகக் காட்டுகிறேன். 1976 முதல் 1997 வரை அதைச் செய்தார்கள், வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டருக்குப் பற்றரியே வேண்டாம், பழகுவதற்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மற்றக் கமராக்களில் வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

றோல் போடும் முன்

வெறும் கமராவோடு பத்து நிமிடம் இருங்கள். பின்கதவைத் திறந்து வைத்து, லீவரை இழுத்து, பட்டனை அமத்துங்கள். ஷட்டர் திரை ஓடுவதைக் கண்ணால் காணலாம். அந்தத் திரையில் மட்டும் விரல் படக்கூடாது. வேகக் குமிழை 1இல் வைத்து அமத்தினால் ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும். 60, 250, 1000 (அதாவது 1/60, 1/250, 1/1000 விநாடி) என்று ஏற ஏறச் சத்தம் குறுகிக்கொண்டே போக வேண்டும். கமராவின் முன்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி வேகமான இலக்கங்களில் அமத்துங்கள். ஒரு கணம் முழுச் சதுரமும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால் அந்த வேகத்தைத் தவிருங்கள்.

ஒரு விநாடி இரண்டு மூன்று விநாடியாக இழுபடுகிறதா? உள்ளே கிறீஸ் இறுகியிருக்கிறது. பல வருடம் சும்மா கிடந்தவற்றில் இது சாதாரணம். ஒவ்வொரு வேகத்திலும் நாற்பது ஐம்பது தடவை அமத்துங்கள், ஒரு கிழமை தொடர்ந்து செய்தால் சிலது இளகிவிடும். இளகாவிட்டாலும் 125க்கு மேல் சரியாக இருந்தால் போதும். நம் ஊர் வெயிலுக்கு மெதுவான வேகங்கள் அவ்வளவாகத் தேவைப்படாது.

லீவர் முடிவே இல்லாமல் இழுபடுகிறது

தம்பிக்கு நடந்ததுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் றோலைப் பறிகொடுத்தவர்களில் அதிகம் பேர் இங்கேதான் பறிகொடுத்தார்கள்.

பிலிம் கசற் கமராவின் இடப்பக்கம் இருக்கிறது. லீவர் வலப்பக்கச் சுருளைச் சுற்றி, பிலிமை இழுத்து எடுக்கிறது. பிலிம் உண்மையிலேயே நகர்ந்தால் கசற்றுக்குள் இருக்கும் அச்சும் சுற்றும். அந்த அச்சோடு பொருந்தியிருப்பதுதான் மேலே இடப்பக்கம் இருக்கும் குமிழ். ஆகவே உள்ளே நடப்பதை வெளியே காட்டும் சாட்சி அந்தக் குமிழ் ஒன்றுதான். படம் எண்ணும் இலக்கத்தை நம்பாதீர்கள். அது லீவரை இழுத்த தடவைகளை மட்டும் எண்ணுகிறது, பிலிம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

போடும் முறை இதுதான். நிழலில் நின்று, இடப்பக்கக் குமிழை மேலே தூக்கிப் பின்கதவைத் திறவுங்கள். கசற்றை வைத்துக் குமிழைக் கீழே இறக்குங்கள், இறங்காவிட்டால் கொஞ்சம் திருப்பினால் இறங்கும். நாக்கை இழுத்து வலப்பக்கச் சுருளின் வெட்டுக்குள் செருகுங்கள். கதவை மூடாமலேயே லீவரை மெல்ல ஒரு தடவை இழுங்கள். பிலிமின் மேல் ஓரத் துளைகளும் கீழ் ஓரத் துளைகளும் பற்சக்கரத்தின் பற்களில் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவை மூடுங்கள். ஒரு ஓரம் மட்டும் உட்கார்ந்திருந்தால் பிலிம் சரிந்து போகும், பிறகு நழுவும்.

மூடிய பிறகு பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று இருக்கிறது. இடக்குமிழின் கைப்பிடியை மடிப்பிலிருந்து விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மிக மெல்லத் திருப்புங்கள். கால் சுற்று, அரைச் சுற்று சும்மா போகும், பிறகு விரலுக்கு ஒரு பிடிப்புத் தெரியும். கசற்றுக்குள் இருந்த தளர்வு எடுபட்டுவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். இனி லீவரை இழுத்தால் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இரண்டு படத்தைச் சும்மா அமத்தி, இலக்கம் 1க்கு வந்ததும் தொடங்கலாம். நான் இப்போதும் ஒவ்வொரு றோலிலும் முதல் நான்கு ஐந்து படத்துக்கு அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாதி றோலில் சந்தேகம் வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். அடிப்பக்கத்தில் திருப்பிச் சுற்றுவதற்காக இருக்கும் சிறிய பட்டனை அமத்தாமல், அதே குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பிடிப்பு வந்தால் பிலிம் ஓடுகிறது, கவலையை விடுங்கள். சுற்றிக்கொண்டே போனால் கொழுவுப்படவில்லை.

லீவர் பாதியில் நிற்கிறது

இலக்கம் 24ஐயோ 36ஐயோ ஒட்டி நின்றால் றோல் முடிந்துவிட்டது. முப்பத்தேழாவது, முப்பத்தெட்டாவது படத்துக்கு ஆசைப்பட்டு இழுத்தால், பிலிம் கசற்றின் அச்சிலிருந்து கழன்று வந்துவிடும். நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள்.

றோலின் நடுவில் நின்றால், முதலில் பட்டனை அமத்திப் பாருங்கள். லீவர் ஏற்கெனவே முழுதாக இழுபட்டிருக்கலாம், படம் எடுத்தால்தான் அடுத்ததற்கு விடும். கேனன் ஏஇ-1 போன்ற கமராவாக இருந்தால் பற்றரியைப் பாருங்கள். அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. 6 வோல்ட் பற்றரி செத்துவிட்டால் பட்டன் அமுங்கினாலும் ஒன்றும் நடக்காது, ஆகவே லீவரும் இழுபடாது. எத்தனையோ பேர் அதைப் பழுது என்று நினைத்து மிக மலிவாக விற்றிருக்கிறார்கள். புதுப் பற்றரி போடாமல் எந்த ஏஇ-1ஐயும் பழுது என்று சொல்லாதீர்கள்.

புதுப் பற்றரியும் போட்டு, பட்டனும் அமத்தி, அப்போதும் அசையவில்லையா? உள்ளே பிலிம் மடிந்து சிக்கியிருக்கலாம். இரவில், விளக்கணைத்த அறையில், தடித்த போர்வைக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

பட்டன் அமுங்கவில்லை

லீவரைக் கடைசி வரை இழுக்கவில்லை. முக்கால்வாசியில் விட்டுவிடுவது பழகாத கையின் வழக்கம். இன்னொரு தடவை, நிற்கும் வரை கொண்டு போங்கள்.

மீற்றர் முள் அசையவில்லை

கமராக் கண்ணால் பார்த்தபடி ஜன்னல் பக்கமும், பிறகு அறையின் இருட்டு மூலைப் பக்கமும் திருப்புங்கள். வெளிச்சத்தை அளக்கும் மீற்றரின் முள் ஏறி இறங்க வேண்டும். அசையாவிட்டால் அடிப்பக்கம் இருக்கும் வட்ட மூடியை ஒரு சில்லறைக் குத்தியால் திறவுங்கள். கே1000க்கு ஒரு எல்ஆர்44 போதும்.

மூடியைத் திறந்ததும் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு தெரிந்தால், பழைய பற்றரி உள்ளேயே கசிந்திருக்கிறது. காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சியில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ ஒரு துளி தொட்டு, களிம்பின் மேல் வையுங்கள். நுரை மாதிரிப் பொங்கும். பொங்கி அடங்கியதும் இன்னொரு குச்சியால் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட குச்சியால் கடைசியாகத் துடையுங்கள். குச்சி ஈரமாக மட்டும் இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. உலோகம் பளிச்சென்று தெரியும் வரை பொறுமையாகச் செய்யுங்கள், மூடியின் உள்பக்கத்தையும் திருகுபுரியையும் மறக்க வேண்டாம். மின்சாரம் அந்தப் புரி வழியாகவும் போகிறது.

கே1000இல் மீற்றரை அணைக்கச் சுவிச் கிடையாது. வெளிச்சம் பட்டால் அது வேலை செய்துகொண்டே இருக்கும். லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பற்றரி சீக்கிரம் இறங்கும்.

மினோல்டா எஸ்ஆர்-டி 101 போல 1960களில் வந்த பல கமராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பற்றரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பற்றரி இப்போது செய்யப்படுவதில்லை. அதே அளவில் 1.5 வோல்ட் பற்றரியைப் போட்டால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கப் பற்றரி 1.4 வோல்ட், அதற்கு மிக அருகில் வரும். அளவு சிறிது என்பதால் சுற்றிவர ஒரு றப்பர் வளையம் வைக்க வேண்டும், ஒட்டியிருக்கும் தாளை உரித்த பிறகு இரண்டு மூன்று மாதம்தான் நிற்கும். யாஷிகா எலக்ட்ரோ 35க்குப் பற்றரி இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 விநாடியில்தான். அதனால் சத்தத்தைக் கேட்டு "வேலை செய்யுது" என்று வாங்கிவிடாதீர்கள்.

மீற்றர் முற்றாகச் செத்திருந்தாலும் கே1000 படம் எடுக்கும். எப்படி என்று கீழே வெயில் பகுதியில் இருக்கிறது.

திருப்பிச் சுற்றும்போது இறுக்கமாக இருக்கிறது

அடிப்பக்கம் இருக்கும் சிறிய பட்டனை அமத்தினீர்களா? அதை அமத்தாமல் சுற்றினால் பற்சக்கரம் பிலிமை விடாது. பலம் பிடித்தால் துளைகள் எல்லாம் வரிசையாகக் கிழியும். அமத்திவிட்டு, அம்புக்குறிப் பக்கமாக, தயிர் கடைகிற நிதானத்தில் சுற்றுங்கள். கடைசியில் ஒரு சின்ன இழுவை வந்து, பிறகு குமிழ் சட்டென்று இலேசாகும். நாக்கு வலப்பக்கச் சுருளை விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் நான்கு சுற்று சுற்றிவிட்டுத் திறக்கலாம்.

சுற்றத் தொடங்கும்போதே இலேசாக இருக்கிறது, ஆனால் றோல் நன்றாக ஓடியது தெரியும் என்றால் பிலிம் அச்சிலிருந்து கழன்றுவிட்டது. அது முழுவதும் வலப்பக்கச் சுருளில் இருக்கிறது. பகலில் திறந்தால் அத்தனை படமும் போய்விடும். இரவு போர்வைக்குள் கையால் எடுத்துச் சுருட்டி, வெளிச்சம் போகாத பிலிம் டப்பாவில் போட்டு மூடி, மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள். கழுவக் கொடுக்கும்போது "கசற் இல்லாத பிலிம், இருட்டில் திறக்கவும்" என்று டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். வாயால் சொல்வது போதாது.

கழுவி வந்த நெகடிவில் ஒன்றும் இல்லை

நெகடிவைத் தூக்கி எறியாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். பிலிம் செய்கிறவர்களே அந்த ஓரத்தில் பெயரையும் படத்தின் இலக்கத்தையும் வெளிச்சத்தால் பதித்து விடுகிறார்கள். கழுவும்போதுதான் அது வெளியே தெரியும்.

ஓரத்தில் எழுத்தும் இலக்கமும் தெளிவாக இருந்து, நடுவில் மட்டும் வெறுமையாக இருந்தால் கழுவியதில் பிழை இல்லை. பிலிமில் வெளிச்சம் படவே இல்லை, அதாவது கொழுவுப்படவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகூட இல்லாமல் முழுதும் வெறுமையாக இருந்தால் கழுவும் மருந்தில் பிழை. மாறாக, ஓரம் உட்பட எல்லாம் கன்னங்கறுப்பாக இருந்தால் யாரோ பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

எனக்கு ஒருமுறை ஓர எழுத்தும் இல்லாமல் வந்தது. கடையில் "உங்கட கமரா சரியில்லை" என்றார்கள். ஓரத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது. எங்கள் சின்னம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் அந்த றோலில் இருந்தது. அன்றிலிருந்து முக்கியமான நாளுக்கு ஒரே றோலை நம்புவதில்லை, கைபேசியிலும் நாலு படம் எடுத்து வைக்கிறேன்.

படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் கீற்று

இது நம் ஊரில் கட்டாயம் வரும். பின்கதவு வந்து மூடும் பள்ளத்திலும் கீல் பக்கத்திலும் கறுப்பு ஸ்பொஞ்சுப் பட்டி வைத்திருப்பார்கள், வெளிச்சம் உள்ளே வராமல் இருக்க. நாற்பது ஐம்பது வருடத்தில், அதுவும் இந்த வெக்கையிலும் கடல் ஈரத்திலும், அது உருகித் தார் மாதிரி ஆகிவிடும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். அந்த இடைவெளியால் வரும் வெளிச்சம் பிலிமின் முதுகுப் பக்கமாகப் படுவதால்தான் கீற்று சிவப்பாகவும் செம்மஞ்சளாகவும் விழுகிறது.

இதை நீங்களே மாற்றலாம், ஒரு பின்னேரம் போதும். முதலில் ஷட்டர் திரையை ஒரு கடதாசியால் மூடுங்கள். உதிரும் துகள் ஒன்று திரைக்குள் போனால் வேறு வேலை வந்துவிடும். பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தொட்டு, பள்ளத்தின் வழியே ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தார் பரவும். கறுப்பு அள்ளி வந்த பஞ்சை உடனே மாற்றுங்கள். நான் முதல் தடவை செய்தபோது முப்பது குச்சிக்கு மேல் போனது. பள்ளத்தின் அடியில் உலோகத்தின் நிறம் தெரியும் வரை விட வேண்டாம்.

புதிதாக வைப்பதற்கு மெல்லிய கறுப்புக் கம்பளி நூல் நல்லது. பள்ளத்தின் நீளத்துக்கு வெட்டி, குச்சியால் அமத்தி விடுங்கள். இறுக்கமாக இருந்தால் பசைகூடத் தேவையில்லை, நழுவினால் இரண்டு முனையில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. கீல் பக்கத்துக்குக் கறுப்பு வெல்வெற் துணியில் ஒரு துண்டு. மூடும்போது கதவு சற்று இறுகி, பிறகு கிளிக் என்று பூட்ட வேண்டும். பூட்டுவதற்குத் தள்ள வேண்டி வந்தால் நூல் தடிப்பு.

உடனே செய்ய முடியாதா? றோலைப் போட்டு மூடியபின் கதவின் இடுக்கு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒட்டுங்கள். வடிவாக இராது, ஆனால் படம் தப்பும்.

லென்ஸுக்குப் பின்னால், கமராவுக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலேயும் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு இருக்கும், கண்ணாடி மேலே போய் அடிக்கும்போது அதிர்வைத் தாங்க. அது உருகினால் கண்ணாடி மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தால் எல்லாம் இருட்டு. அந்தக் கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது, துடைத்தால் கீறும். அதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

படம் எல்லாம் இருட்டாக, மணல் மணலாக இருக்கிறது

வெளிச்சம் போதவில்லை. முதலில் ஐஎஸ்ஓ குமிழைப் பாருங்கள், பிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்று மீற்றருக்குச் சொல்வது அதுதான். 200 றோலைப் போட்டுவிட்டு, அப்பப்பா கடைசியாக வைத்த 400இலேயே விட்டிருப்பீர்கள்.

அது சரியாக இருந்தால், மீற்றர் ஏமாந்திருக்கிறது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். நிலாவெளி மணல், வெள்ளைச் சுவர், விடியற்காலைக் கடல், எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால்தான் டச்சுக் குடாவில் சூரியன் ஏறும்போது எடுத்தால் கடல் அழகாகவும் வலை இழுப்பவரின் முகம் கரியாகவும் வருகிறது. முகம் வேண்டும் என்றால், அந்த முகத்தில் படும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைப் பிடித்து, கண்ணறை முழுக்க அது மட்டும் தெரியும்படி மீற்றர் பாருங்கள். உள்ளங்கை நடுத்தரத்தைவிட வெளிறியது என்பதால் லென்ஸின் துளையை ஒரு படி கூடத் திறவுங்கள், எஃப் 8 என்றால் எஃப் 5.6 (எஃப் இலக்கம் குறையக் குறையத் துளை பெரிதாகும்). பிறகு கடலைப் பார்த்து முள் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

மீற்றரே இல்லாதவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப் 16 வையுங்கள், வேகம் உங்கள் ஐஎஸ்ஓ இலக்கத்துக்குக் கிட்ட. 200 றோலுக்கு 1/250. மணலும் கடலும் சுற்றிவர இருந்தால் எஃப் 22. மெல்லிய முகில் என்றால் எஃப் 11, வானம் மூடியிருந்தால் எஃப் 8, மரநிழலில் எஃப் 4 அல்லது 5.6. மாரியில், கார்த்திகை மார்கழி மழை நாட்களில், எஃப் 4க்கும் கீழே போக வேண்டியிருக்கும், அந்த மாதங்களுக்கு 400 றோல் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் கலர் நெகடிவுக்கு எப்போதும் கூடக் கொடுங்கள். இரண்டு படி கூடினால் தாங்கும், ஒரு படி குறைந்தால் நிழலில் ஒன்றும் இராது.

கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. மானையும் கோவில் பாதையையும் எடுங்கள், முகாம் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம்.

பாதிப் படம் மட்டும் இருட்டு

பிளாஷ் போட்டு எடுத்தவையா? கே1000இல் பிளாஷுக்கு 1/60, அதற்கு மேல் போனால் திரை பாதியை மூடிவிடும். பிளாஷ் இல்லாமலும் 500, 1000 வேகங்களில் ஒரு பக்கம் இருண்டால் திரைகளின் ஓட்டம் பிசகியிருக்கிறது. 250க்குள் நின்றுகொள்ளுங்கள், திருத்த வசதி கிடைக்கும் வரை.

படம் புகை மூடியது போல இருக்கிறது

லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டோர்ச் அடித்து மறுபக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம். தூசியும் ஒன்றிரண்டு புள்ளியும் படத்தில் தெரியாது, கவலைப்பட வேண்டாம். கமராக் கண்ணுக்குள் தெரியும் தூசியும் படத்தில் விழாது. பூஞ்சணம் கொஞ்சமாக இருந்தால் வெயிலை எதிர்த்து எடுக்காதவரை சமாளிக்கலாம், கூடினால் லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

அதைவிட, வராமல் பார்ப்பதுதான் முக்கியம். கமராவோடு வரும் தோல் உறை பார்க்க வடிவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சணத்தை வளர்ப்பது அதுதான். உறையைத் தனியாக வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு கமராவை வையுங்கள், நிறம் மாறியதும் பொதியைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் தூள் எல்லா இடுக்கிலும் போகும். கிழமைக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நாலு தடவை அமத்துவது எந்தப் பெட்டியையும்விட நல்லது.

கடற்கரைக்குக் கொண்டுபோன அன்றே, சற்று ஈரமான துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். உப்புப் படிவு ஒரே இரவில் வேலையைத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது.

நிறம் மாறி, சோர்ந்து போன படங்கள்

பிலிம் வெக்கை பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் ஒரு மத்தியானம் இருந்தாலே போதும். வாங்கிய றோலைப் பிரிட்ஜில் வையுங்கள், எடுத்தால் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணித்தியாலம் வெளியே விடுங்கள். உடனே திறந்தால் நம் காற்றின் ஈரம் பிலிமில் பனியாகப் படியும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களிடம் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்ரே பலம் கூடியது.

வீட்டில் கறுப்பு வெள்ளை கழுவுகிறவர்களுக்கும் வெக்கைதான் பிரச்சினை. மருந்தின் நேரக் கணக்கு பெரும்பாலும் 20 பாகைக்கு எழுதப்பட்டது, நம் குழாய்த் தண்ணீர் அதைவிட எட்டு ஒன்பது பாகை கூட. மருந்துப் போத்தலை ஐஸ் தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தி வெப்பமானியைப் பார்த்தபடி இறக்குங்கள், ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள். கழுவும் தண்ணீரையும் அதே குளிருக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, கமராவின் முதுகில் ஒட்ட ஒரு துண்டு ரேப். உள்ளே றோல் இருக்கிறதா, என்ன ஐஎஸ்ஓ, எந்த நாளில் போட்டது, எத்தனையாம் படத்தில் நிற்கிறது, நான்கும் பேனையால் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "திறக்காதே" என்றும் சேர்த்து எழுதுங்கள். தம்பியின் கமராவில் இப்போது "200, உள்ளே இருக்கு, 19" என்று இருக்கிறது. நேற்று வேலிக்கு மேலால் லீவரை இழுத்துக் குமிழ் சுற்றுவதை எனக்குக் காட்டினான்.